பாட்டனார் பிறந்த ஊர்: பழைய பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

கொழும்பு 5இல் உள்ள ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் இன்று அங்கும் அதனையடுத்த வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில், அந்தத் தேசாதிபதியின் காலத்திலேயே தமது முன்னோர் இங்கு இருந்தனர் எனச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே. தீவுப்பகுதியிலிருந்து கடை வைக்க வந்த குடும்பம் ஒன்று. அரசாங்க உத்தியோகம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது ஒன்று. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வணிகத்துக்கு வந்து தங்கியது ஒன்று. தோட்டத்தை விட்டு இறங்கி வந்தது இன்னொன்று. ஹெவ்லொக் வீதியில் மாடிகள் எழுந்து நிற்கும் ஹெவ்லொக் சிட்டியின் நிலத்தில் முன்பு இயங்கிய வெள்ளவத்தை நெசவாலைக்கு இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தோரின் சந்ததியினரும் உள்ளனர். "சொந்த இடம் எது?" என்று கேட்டால் முதல் தலைமுறை உடனே பதில் சொல்லும். இரண்டாம் தலைமுறை ஓர் ஊரின் பெயரை மட்டும் சொல்லும். மூன்றாம் தலைமுறை தாயின் முகத்தைப் பார்க்கும்.

அந்த மூன்றாம் தலைமுறையினர்தான் இப்பொழுது தேடத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களிற் பலர் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருந்து எழுதுகின்றனர். நம்மிடம் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பழைய குடிசன மதிப்பீட்டில் எமது பாட்டனாரின் பெயரைப் பார்க்க முடியுமா?

முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் நூறாண்டுகள் கழிந்தபின் 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் திறந்துவிடுகின்றனர். அவற்றைப் பார்த்துப் பழகியோர் இலங்கையிலும் அவ்வாறான ஒரு கதவு இருக்கும் என எண்ணுகின்றனர். இங்கு நவீன முறையிலான முதலாவது குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27ஆம் திகதி நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை, சில இடையூறுகளுடன், தொடர்ந்தது. 1941இல் நடந்திருக்க வேண்டியது யுத்தத்தினால் 1946க்குத் தள்ளிப்போனது. 1991இல் நடைபெறவேயில்லை. 2001இல் வடக்கு, கிழக்கை முழுமையாக எண்ண இயலவில்லை. ஆகையால் 1981க்கும் 2012க்கும் இடையில் யாழ்ப்பாணத்துக்கு முழுமையான கணக்கு என ஒன்றில்லை. இந்த மதிப்பீடுகள் யாவும் அறிக்கைகளாக வெளிவந்தவை. அவற்றில் மாவட்டம், மதம், இனம், தொழில் வாரியாக எண்கள் உண்டு. ஆட்களின் பெயர் இல்லை.

அப்படியாயின் குடும்ப வரலாறு தேடுபவருக்கு அந்த அறிக்கைகளால் பயனில்லையா? உண்டு. நம் முன்னோரை அரசாங்கம் எந்தப் பெட்டியில் போட்டது என்பதை அவை சொல்லும். 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றியவர் அவர். நாட்டின் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளும் தலைகளை எண்ணும் வேலையும் ஒரே தமிழரின் கையில் இருந்த காலம் அது. அவருக்கு அடுத்து 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டை டென்ஹாம் நடத்தினார். அந்த ஆண்டில்தான் தமிழர் என்ற ஒரே நிரல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாகப் பிரிந்தது. சோனகரும் அவ்வாறே இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் எனப் பிரிக்கப்பட்டனர். இரு தமிழ்ப் பிரிவினரும் அப்போது தலா ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேலாக, ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்தனர். ஒரே குடும்பத்தில் பாட்டனாரின் பத்திரத்தில் ஓர் இனப் பெயரும் பேரனின் பத்திரத்தில் வேறோர் இனப் பெயரும் இருப்பதைக் கண்டு திகைப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குடும்பம் மாறவில்லை, நிரல் மாறியது.

ஒரு நிரல் பிரிந்ததனால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். 37 ஆண்டுகளின் பின் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது. வெளிநாட்டில் பிறந்தவராயின் தந்தையும் பாட்டனாரும், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்தவராயிருத்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் தமிழ்நாட்டிலுள்ள தன் ஊருக்குப் போய் வந்த குடும்பங்களிற் பிறந்தோர் இந்த இரண்டாவது விதியில் அகப்பட்டனர்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். 1948இல் நாற்பது வயதான ஒருவர் 1908இல் பிறந்தவர். அவருடைய தந்தை 1880ஐ அண்டியும் பாட்டனார் 1855ஐ அண்டியும் பிறந்திருப்பர். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்ததோ 1867இல். ஆக, அரசாங்கம் எழுதத் தொடங்குவதற்கு முன்பு நிகழ்ந்த ஒரு பிறப்புக்கு அரசாங்கமே அத்தாட்சி கேட்டது. 1867க்குப் பின்னரும் தோட்டத்து லயத்தில் நிகழ்ந்த பிறப்பு பதிவாளரைச் சென்றடைவதற்குத் தோட்ட நிருவாகத்தின் தயவு வேண்டியிருந்தது. முன்னோரின் பெயரைத் தேடுவது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று சொல்வோர் மலையகத்தில் ஒரு முதியவரிடம் அதனைச் சொல்லிப் பார்க்கட்டும். தந்தையின் பிறப்புக்கு ஒரு தாள் இல்லாமையால் நாடற்றோரானவர்கள் இலட்சக்கணக்கினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோரிலும் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டனர். 1964இல் சிறிமா, சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை 525,000 பேர் அங்கு, 300,000 பேர் இங்கு, 150,000 பேர் பின்னர் பார்ப்போம் எனப் பங்கிட்டது. அந்தக் கணக்கு ஒருவாறு முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன்தான்.

அந்தச் சட்டத்தின் தழும்பை நம்மிற் பலர் பெட்டிக்குள் வைத்திருக்கின்றோம். நீண்ட காலம் வழங்கப்பட்டுவந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என ஒரு கூடு இருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காது பூட்டனார் இங்கு பிறந்திருப்பின் அவருடைய விபரத்துக்கு இன்னொரு கூடு. குடும்ப வரலாற்றாளருக்கு இதைவிட வாய்ப்பான படிவம் வேறு எந்த நாட்டில் உண்டோ நாம் அறியோம். நம்மை வடிகட்டுவதற்காக அமைக்கப்பட்ட கூடு, மூன்று தலைமுறையை ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டது. தேடலைத் தொடங்குபவர் சுவடிக்கூடத்துக்கோ இணையத்துக்கோ ஓடுவதற்கு முன்பு தமது வீட்டிலுள்ள மிகப் பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்து அந்தக் கூடுகளை வாசிப்பது நன்று.

அடுத்தது விவாகப் பதிவு. பொது விவாகச் சட்டத்தின் கீழான பதிவில் மணமக்களின் பெயர், வயது, தொழில், வதிவிடம், இருவருடைய தந்தையரின் பெயர், சாட்சிகளின் பெயர் ஆகியன இருக்கும். சாட்சிகளைப் பலர் கவனியாது விடுகின்றனர். சாட்சியாகக் கையொப்பமிடுபவர் பெரும்பாலும் மாமனோ சிறிய தந்தையோ ஆவார். குடும்பத்தின் காணாமற்போன கிளை ஒன்று அங்கிருந்து கிடைப்பதுண்டு. ஆனால் இந்துக்களின் வழக்கமுறைத் திருமணம் பதிவின்றியே செல்லுபடியானது. தாலி கட்டியாயிற்று, ஊர் பார்த்தாயிற்று, பதிவு எதற்கு என்றிருந்த தலைமுறைக்கு விவாகப் பத்திரம் கிடைப்பது அரிது. பிள்ளையின் பிறப்புப் பத்திரமே அங்கு பெற்றோரின் திருமணத்துக்கும் சான்று.

முஸ்லிம்களின் விவாகம் 1907ஆம் ஆண்டின் பொது விவாகக் கட்டளைச் சட்டத்துக்கு வெளியே உள்ளது. அவர்களுக்கென 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், காதிமாரை ஏற்படுத்திய 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், பின்னர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் வந்தன. ஆகவே பாட்டனாரின் காவின் பத்திரத்தைத் தேடுபவர் பொது விவாகப் பதிவில் பார்த்துவிட்டு இல்லையெனத் திரும்புதல் கூடாது. முஸ்லிம் விவாகப் பதிவாளரின் ஏடுகள் தனியானவை. மஹர் எவ்வளவு, வலீயாக நின்றவர் யார் என்பவற்றை அந்த ஏடு சொல்லும். வலீ பெரும்பாலும் மணமகளின் தந்தையாகவோ சகோதரராகவோ இருப்பதனால் பெண்ணின் தந்தைவழிக்கு அதுவே நேரான சாட்சியம். பதிவு செய்யாமையால் நிக்காஹ் செல்லாதாகிவிடுவதில்லை என்பதனால் பதியப்படாதவையும் ஏராளம். இன்னுமொன்று உண்டு. 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் வலீயும் நடத்திவைத்தவரும் ஒப்பமிட்டாற் போதும். இதனை மாற்றவேண்டும் என்ற கோரிக்கை முஸ்லிம் பெண்களிடமிருந்தே நீண்ட காலமாக எழுந்து வருகின்றது. அந்த விவாதம் எவ்வாறாயினும், பாட்டியின் திருமணப் பதிவில் பாட்டியின் கையெழுத்தைக் காண விரும்பும் பேத்திக்குக் கிடைப்பது ஆண்களின் கையெழுத்துகளே.

கிறிஸ்தவர்களின் நிலை வேறு. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கும் கொழும்புச் செட்டிமாருக்கும் தேவாலயப் பதிவேடு உண்டு. ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தந்தையின் பெயரும் இருப்பதனால் உறவு வலை முழுவதும் புலப்படும். 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் காலத்தை நினைவூட்டுவது. ஒல்லாந்தர் காணியையும் குடும்பத்தையும் தோம்பு என்னும் ஏடுகளில் எழுதினர். வரியும் இராசகாரியமும் யாரிடம் பெறலாம் என அறிவதே அவர்களின் நோக்கம். பாடசாலை ஆசிரியர்கள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் எழுதிய பாடசாலைத் தோம்புகளும் உண்டு. அவர்களின் ஆட்சியில் திருச்சபை மூலம் நடைபெறாத விவாகத்துக்குச் சட்ட மதிப்பு இல்லாதிருந்தமையால், வீட்டில் சைவராகவும் ஏட்டில் கிறிஸ்தவராகவும் இருந்தோர் பலர். பாட்டனின் பாட்டன் 'டொன்' என்றோ 'பிலிப்பு' என்றோ எழுதப்பட்டிருப்பதைக் கண்டு குடும்பம் மதம் மாறியது என்று அவசரப்படுதல் தகாது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இந்த ஒல்லாந்த ஆவணங்கள் பல்லாயிரம் தொகுதிகளின் பகுதியாக உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது இலங்கையிலுள்ளவையும் அதில் அடங்கின. டச்சு மொழியும் பழைய கையெழுத்தும் தெரிந்த ஒருவரின் உதவியின்றி அவற்றை வாசிக்க இயலாது.

அதனைச் செய்தவர்கள் பறங்கியர். 1908இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவழியை அச்சிட்டு வைத்தது. அதன் மண்டபம் ஹெவ்லொக் டவுனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தும்முல்லைச் சந்தியில் நிற்கின்றது. மலாயரிடையே அவ்வாறானதொரு பணியைச் செய்தவர் வரலாற்றுப் பேராசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா, 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மலாயரைப் பற்றி 1990இல் வெளிவந்த அவரது நூல், வீடுகளிற் கிடந்த கையெழுத்துப் பிரதிகளையும் துணையாகக் கொண்டது. எண்ணிக்கையில் சிறிய இவ்விரு சமூகங்களும் செய்ததை நாம் செய்யவில்லை.

நாம் செய்தது வேறு. குடும்பத்தைத் தேடுவதற்குப் பதிலாக இனத்தின் மூலத்தைப் பற்றி வாதிட்டோம். 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு நூல்வடிவில் மறுப்பெழுதினார். இரண்டும் அவ்வக்கால அரசியலின் தேவையிலிருந்து எழுந்தவை. ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த வழக்கு ஓயவில்லை. ஒருவரின் பாட்டனார் யார், எங்கு பிறந்தார், யாரை மணந்தார் என்பதை இவ்விரண்டில் எதுவும் சொல்லாது. தேடி வருவோரிடம் நாம் காணும் இன்னொரு பலவீனமும் இதற்கு அயலானதே. எல்லோருக்கும் ஓர் அரபு வணிகரோ ஒரு முதலியாரோ முன்னோராக வேண்டும். 1818 முதல் பிரித்தானியர் எழுதிய இலங்கையின் அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. யாழ்ப்பாணத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் பெயர்கள் அக்காலப் பதிவுகளில் உண்டு. அடிமை முறை இங்கு சட்டப்படி ஒழிந்தது 1844இல். அந்தப் பெயர்களுக்கும் சந்ததி உண்டு. அவற்றைத் தேடி எவரும் இதுவரை நம்மிடம் எழுதியதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். பிறப்பு, விவாகப் பதிவின் ஒரு பிரதி மாவட்டப் பதிவகத்திலும் மறுபிரதி கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் பொறுப்பிலும் இருக்கும் என்பது பழைய ஏற்பாடு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது அலுமாரியிலிருந்த பத்திரங்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது உறுதிகளும் பத்திரங்களும் பின்னே தங்கின. 2004 டிசம்பரில் கிழக்கில் கடல் கொண்டுபோனது. வீட்டிலிருந்த பிரதி போனாலும் பதிவகத்தில் ஒன்றும் கொழும்பில் ஒன்றும் இருக்கக்கூடும் என்பதனால், ஓரிடத்தில் இல்லையென்ற பதிலுடன் தேடலை முடித்துவிட வேண்டாம். விண்ணப்பிக்கும்போது பதிவுப் பிரிவும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். பெயரைப் பல எழுத்தில் தேட வேண்டும். எழுதுவினைஞர் காதில் விழுந்ததையே எழுதினார். ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் முகம்மது, இன்னொன்றில் முகமது, மூன்றாவதில் மொஹமட் என்றிருப்பார். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் குழப்பும்: வைரமுத்து கந்தையாவும் கந்தையா வைரமுத்துவும் மாறி மாறி வருவர், ஆண்டைக் கவனியாதவர் ஒரு தலைமுறையைத் தாவிவிடுவார். வாக்காளர் இடாப்பையும் மறக்க வேண்டாம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது முதல் வீட்டிலக்கத்தின் கீழ் ஆண், பெண் இருபாலாரின் பெயரும் அதில் வருகின்றன.

இவ்வளவையும் செய்து முடித்தவரின் தாளில் தந்தைவழியில் நான்கு பெயர் இருக்கும். தாய்வழியில் இரண்டுக்கு மேல் இராது. விவாகப் பதிவில் தாயரின் பெயர் கேட்கப்படவில்லை. பிரஜாவுரிமைச் சட்டமும் தந்தையின் தந்தையையே கேட்டது. ஆனால் பெண்களை எழுதிய ஏடுகள் நம்மிடம் இல்லாமலில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையின்படி முதுசம் ஆண்வழியாகவும் சீதனம் தாயிடமிருந்து மகளுக்கும் செல்வது. ஆகவே யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி ஒன்றில் மணமகளின் பெயருடன் தாயின் பெயரும், அந்தக் காணி தாய்க்கு எந்தச் சீதன உறுதியால் வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றைப் பிடித்தால் அடுத்தது அதன் இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் தரும். காணிப் பதிவகத்தில் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லலாம்.

கிழக்கில் தாளின்றியே அது நடக்கின்றது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியே வருவது. கோயிலில் எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, பள்ளிவாசலில் எந்தக் குடிக்கு மரைக்கார் என்பன அந்த முறையால் தீர்மானிக்கப்பட்டு வந்தவை. ஹெவ்லொக் டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கிருந்து வந்த அம்மம்மா ஒருவர் இருப்பாராயின், 'உங்கள் குடி என்ன?' என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வார். அவருடைய தாயின் பெயரையும், அந்தத் தாயின் தாயுடைய பெயரையும் சேர்த்தே சொல்வார்.